சாயங்காலம் ஆறு மணி

எங்கள் நாரணாபுரத்தில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் தெருவே கலகலப்பாக இருக்கும். பட்டாசு ஆலைகளில் வாரச் சம்பளம் போடும் நாள். அப்பா வாங்கி வரும் பண்டத்துக்காகப் பிள்ளைகள் வாசலில் காத்திருக்கும். எனக்கோ ஆறு மணி ஆனாலே வயிற்றைக் கலக்கும். ஒன்பது வருஷம் அப்படித்தான் போயிற்று.

என் வீட்டுக்காரர் கடைசியாகக் குடித்து இன்றைக்கு ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகின்றன. "எப்படி நிறுத்தினீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நிறுத்தியது பத்து நாள் வேலை. அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களைக் கடத்தியதுதான் பெரிய வேலை. என்னைப் போன்ற சகோதரிகளுக்கு உதவுமே என்று அதை எழுதுகிறேன்.

அவர் மருந்துக் கலவை வேலை பார்ப்பவர். வெயில் ஏறுமுன் விடியற்காலையிலேயே முடிக்க வேண்டிய வேலை அது. ஒரு நாள் காலை அவர் கை நடுங்குவதைப் போர்மேன் பார்த்துவிட்டார். "தம்பி, இந்தக் கையோட மருந்தைத் தொடாதே. உன்னோட போகாது, பக்கத்து அறைக்காரனும் சேர்ந்து போயிருவான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்குத்தான் இவருக்கு உறைத்தது.

"இன்னையோட விட்டாச்சு" என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் வியர்வை, நடுக்கம், வாந்தி. பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். படுக்கையில் சேர்த்து, நடுக்கத்துக்கு மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டு, பத்தாம் நாள் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புதுக் கஷ்டம். வேலை முடிந்து வந்தால் மனுஷருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. முன்பு ஆறிலிருந்து ஒன்பது வரை கடையில் கழியும். இப்போது திண்ணையில் உட்காருவார், எழுந்திருப்பார், சட்டையை மாட்டுவார், கழற்றுவார். டாக்டர் சொல்லி அனுப்பியது இதுதான்: "குடிக்கணும்கிற வேகம் அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணிக்குள்ளே தானே இறங்கிவிடும். அந்த அரை மணியைக் கடத்துங்க." இவர் அதைத் தன் பாஷையில் புரிந்துகொண்டார். "புஸ்வாணம் மாதிரி. மேலே எழும்பும்போது பயமா இருக்கும். கிட்டப் போகாம நின்னா தானா அணைஞ்சிரும்" என்பார்.

அந்த அரை மணிக்கு நாங்கள் செய்தவை இவை. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும்தான் ஆசையைக் கிளப்பிவிடும் என்பதால், வந்ததும் குளியல், உடனே வயிற்றுக்கு ஏதாவது. சூடான பருத்திப்பால், அவித்த பயறு, சில நாள் கருப்பட்டிக் காப்பி. பிறகு சின்னவளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று. பெரியவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதும் தண்ணீர் எடுப்பதும் அவர் பொறுப்பு. சாத்தூர் சேவு அவருக்கு உயிர். ஆனால் அதைக் குடிக்கும்போதே தின்று பழகியதால், வாயில் போட்டாலே ஞாபகம் வந்தது. ஆறு மாதம் வீட்டுக்குள் சேவே வரவில்லை. வழியில் கடை இருந்ததால் வேறு பாதையில் வந்தார். சம்பளத்தை அவரே என்னிடம் கொடுத்துவிடச் சம்மதித்தார். நான் பிடுங்கவில்லை, இதை மறக்க வேண்டாம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அவர் நேரங்கழித்து வந்தார். நான் வாசலிலேயே நிறுத்தி வாயை முகர்ந்து பார்த்தேன். குடித்திருக்கவில்லை. "குடிக்காமலே திருடனாயிட்டேன். குடிச்சிருந்தாலாவது..." என்று பாதியில் நிறுத்தினார். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. நாம் துணையாக இருக்கலாம். காவல்காரியாக இருந்து ஒருவரை மாற்ற முடியாது.

தீபாவளி கழிந்து ஆலைகள் சில வாரம் மூடியபோது சறுக்கல் வந்தது. கையில் போனஸ், நாள் முழுக்க ஓய்வு. ஒரு சாயங்காலம் குடித்துவிட்டார். "எல்லாம் போச்சு" என்று அழுதார். நான் கத்தவில்லை; மறுநாளே டாக்டரிடம் போனோம். "விழுந்ததைவிட, ஏன் விழுந்தோம் என்று தெரிவதுதான் முக்கியம்" என்றார் அவர். அதற்கடுத்த தீபாவளி விடுமுறைக்கு முன்பே வேலை தேடிவைத்தோம். வீட்டுக்கு வெள்ளையடித்தார், தெரிந்த அச்சகத்தில் காலண்டர் கட்டும் வேலைக்கும் போனார்.

இன்னொரு எச்சரிக்கை. "கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடியை எங்கள் அத்தையே வாங்கி வந்தார். கொடுக்கவே கூடாது என்றார் டாக்டர். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையாக இருந்து, அதைத் தின்றவர் அறியாமல் குடித்தால், மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் மேற்பார்வையில்தான் எந்த மருந்தும்.

இது வியாதி, கெட்ட புத்தி அல்ல. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணிதான் 1980ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, எத்தனையோ குடும்பங்களுக்கு வழிகாட்டினார். 1992ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1935ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் நம் ஊர்களிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. குடும்பத்தாருக்கென்று 'அல் அனான்' தனியாக உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை கிடைக்கும்; விருதுநகரில் 2022 முதல் அப்படியொரு கல்லூரி இருக்கிறது. ஆனால் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் பொறுமை காட்டாதீர்கள். பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் முதல் வேலை.

போன சனிக்கிழமை அவர் வந்தபோது சின்னவள் ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினாள். உள்ளே சேவுப் பொட்டலம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "பயப்படாதே, பிள்ளைக்குத்தான். இப்போ அதைப் பார்த்தா ஒண்ணும் தோணலை" என்று சிரித்தார். மணி பார்த்தேன். ஆறு அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.