ஆவாரம்பூ: சர்க்கரைக்கும் கல்லீரலுக்கும் எந்த அளவுக்கு உதவும்?

கள்ளிக்குடி, பேரையூர், திருமங்கலம் பகுதி மானாவாரி நிலங்களில் யாரும் விதைக்காமலே வளர்ந்து நிற்பது ஆவாரை. இதன் பட்டை தோல் பதனிடவும், தழை உரமாகவும் பயன்பட்டு வந்தது. இன்று காய்ந்த பூவை நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கி, சர்க்கரை நோயாளிகள் தேநீராகக் குடிக்கிறார்கள். பூ சேகரித்து விற்க நினைக்கும் விவசாயிகள், ஆய்வுகள் சொல்வதையும் தெரிந்துகொள்வது நல்லது.

பூவில் என்ன இருக்கிறது?

ஆவாரம்பூவில் குவர்செடின், கெம்ப்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகள் உள்ளன. சர்க்கரை நோய் கட்டுப்படாமல் நீடித்தால் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. ஆக்சிஜனேற்றத்தால் அதன் செல்கள் சேதமடைகின்றன. இந்தச் சேதத்தைத் தணிக்கும் தன்மை ஃபிளேவனாய்டுகளுக்கு உண்டு.

அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூவின் நீர்ச் சாற்றை 30 நாட்கள் கொடுத்துப் பார்த்தனர். உடல் எடையில் கிலோவுக்கு 0.45 கிராம் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் நன்கு குறைந்தன. இது 2002-ல் வெளியானது. சர்க்கரையைக் கையாளும் கல்லீரல் நொதிகள் சீரடைந்ததை அடுத்த ஆண்டு பதிவு செய்தனர்.

மறுபக்கம்

இவை எலிகளில் கிடைத்த முடிவுகள். ஆய்வில் கொடுத்தது அளவிட்ட சாறு. வீட்டில் கொதிக்கவைக்கும் நான்கைந்து பூக்களை அதனுடன் ஒப்பிட முடியாது.

ஆவாரையை ‘ரணவரா’ என்ற பெயரில் பானமாகக் குடிக்கும் இலங்கையில், 1981-ல் வெளியான ஆய்வு ஒன்று வேறு எச்சரிக்கை தந்தது. ஆவாரையில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருப்பதும், அது எலிகளின் கல்லீரலைப் பாதித்ததும் அதில் தெரியவந்தது. கல்லீரலைக் காக்கும் என்று குடிக்கும் செடியே, அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கக்கூடும். சர்க்கரை மாத்திரையுடன் சேர்த்துக் குடித்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் வாய்ப்பும் உண்டு.

சேகரிப்பவர்கள் கவனத்துக்கு

* சாலையோரச் செடிகளிலும், களைக்கொல்லி தெளித்த வரப்புகளிலும் பூப் பறிக்கக் கூடாது.

* காலையில் பனி உலர்ந்ததும் பறித்து, இலை, காம்பு, காய்களை நீக்க வேண்டும்.

* நிழலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நஞ்சும் கல்லீரலுக்குப் பகை.

* கிளையை ஒடிக்காமல், ஒரு பகுதிப் பூக்களைச் செடியிலேயே விட்டால் விதை விழுந்து மறுபடி முளைக்கும்.

* வரப்பில் புதிதாக வளர்க்க விரும்பினால், கடினத் தோலுள்ள விதையை மணலுடன் தேய்த்து, இரவு முழுவதும் ஊறவைத்து விதைக்கலாம்.

பாக்கெட்டில் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று அச்சிடக் கூடாது. 1954-ம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டப் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது.

ஆவாரம்பூ குடிப்பவர்கள், மருத்துவர் தந்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. பூ குடிப்பதை மருத்துவரிடம் சொல்லி, சர்க்கரையுடன் கல்லீரல் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். வாங்குபவர் கேட்டால் விற்பவரும் இதையே சொல்லலாம்.