கரும்பலகையும் மின்திரையும்

நம் பள்ளி வகுப்பறைகளில் கரும்பலகைக்கு அருகே இன்று மின்திரையும் இடம் பெற்று வருகிறது. இதனை வரவேற்போரும் உளர், அஞ்சுவோரும் உளர். சமூகத் தொடர்புச் சாதனங்களை முறையாகப் பயன்படுத்தினால் மனித குலத்திற்குப் பேருதவியாகும் என்றும், தவறாகப் பயன்படுத்தினால் கேடு விளையும் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டிலேயே நமக்கு உணர்த்தியது. வகுப்பறைக்கும் இது பொருந்தும் அன்றோ?

கண்ணால் காண இயலாததைக் காட்டத் திரை உதவும். இதயத்தின் நான்கு அறைகள் வழியே குருதி ஓடும் விதத்தை அசையும் படமாகக் காணும் மாணவன், நெடிய விளக்கத்திலும் புரியாததை எளிதில் உணர்ந்துகொள்வான். ஆனால் அவரை விதை முளைப்பதைக் காட்டத் திரை எதற்கு? ஈரப் பஞ்சில் இட்ட விதை சில நாள்களில் தானே பாடம் சொல்லும். காத்திருக்கும் பொறுமையையும் சேர்த்தே கற்பிக்கும்.

2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம் பெற்றுள்ளன. கைப்பேசியில் அவற்றைக் காட்டினால் பாடத்திற்குரிய காணொளி திறக்கும். நன்று. ஆனால் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்று இரவில் திரும்பும் குடும்பத்துப் பிள்ளை என்ன செய்யும்? வீட்டுப்பாடத்தைக் கைப்பேசி வழியே மட்டும் அனுப்பும் ஆசிரியர், தம்மையறியாமலே அப்பிள்ளையை வகுப்பிற்கு வெளியே நிறுத்திவிடுகிறார். ஏழைகளுக்குக் கல்விக் கண் திறப்பதைத் தம் பணியாகக் கொண்ட நம் பள்ளிகளில் இது நிகழலாகாது.

இன்று செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் கட்டுரை எழுதித் தருகிறது. கட்டுரை கிடைத்துவிடும், சிந்திக்கும் பழக்கம் கிடைக்குமா? ஆசிரியரின் நேரடி உடனிருப்பால் மலரும் உறவை எவ்வியந்திரமும் ஈடுசெய்ய இயலாது என்று 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' எனும் ஏடு நினைவூட்டுகிறது. முகம் வாடியிருக்கும் பிள்ளையிடம், "காலையில் சாப்பிட்டாயா?" என்று பரிவோடு கேட்பவர் ஆசிரியரே.

ஆகவே பெற்றோரே, பள்ளிக் கூட்டங்களில் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: இக்கருவி எதனைக் கற்பிக்க உதவுகிறது? இதனால் எந்தப் பிள்ளையேனும் விடுபடுகிறதா? பிள்ளை தானே சிந்திக்க இடம் இருக்கிறதா?

வரி பற்றிய வினா எழுந்தபோது நம் ஆண்டவர் ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஆயினும் கேட்டோரின் பார்வையை நாணயத்தோடு நிறுத்தாமல் இறைவன்பால் திருப்பினார். கருவியைக் கையாளும் முறையை அவரிடமே நாம் கற்போமாக.