மூக்கும் சொல்லும்: முகர்வுத்திறனை வளர்க்கும் வழி

ஐம்புலன்களுள் நாம் மிகக் குறைவாகப் பேணுவது மூக்கின் புலனையே. கண் மங்கினால் கண்ணாடி அணிகிறோம். காது மந்தமானால் கருவி பொருத்திக்கொள்கிறோம். முகர்வுத்திறன் குன்றினாலோ, குன்றியதையே பலர் அறிவதில்லை. ஆயினும், சமையல் எரிவாயு கசிவதையும் குழம்பு கெட்டுவிட்டதையும் மின்கம்பி கருகுவதையும் முதலில் அறிவிப்பது மூக்கே. தனித்து வாழும் முதியவர்க்கு இஃது உயிர்காக்கும் புலன். மூப்பினாலும், கொரோனா போன்ற தொற்றுகளாலும் குறையும் இத்திறனை இயற்கையான பயிற்சியால் வளர்க்க முடியுமா? அதில் மொழிக்குப் பங்குண்டா? இவ்விரு வினாக்களையும் இங்கு ஆராய்வோம்.

மூக்கின் இயல்பு

மூக்கறையின் மேற்கூரையில் மணத்தை உணரும் நரம்பணுக்கள் உள்ளன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உண்டு. இவ்வேற்பிகளுக்குரிய மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ஆகிய இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். இந்நரம்பணுக்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: அவை வாழ்நாள் முழுவதும் அழிந்து அழிந்து புதிதாகத் தோன்றுகின்றன. பயிற்சிக்கு இடம் தருவது இந்தப் புதுப்பித்தலே.

நான்கு மணங்களின் பயிற்சி

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவ அறிஞர் தாமஸ் ஹம்மல் தம் குழுவினருடன் 2009இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் முகர வேண்டும். 12 வாரம் விடாது தொடர வேண்டும். முகர்வுத்திறன் இழந்தவருள் இப்பயிற்சியை மேற்கொண்டோர், மேற்கொள்ளாதோரைவிட முன்னேற்றம் கண்டனர். எல்லார்க்கும் முழுப்பயன் கிட்டும் என்று கூற இயலாது. எனினும் மருந்தின்றி வீட்டிலேயே செய்யத்தக்கது என்பது இதன் சிறப்பு. ஒவ்வொரு மணத்தையும் ஏறத்தாழப் பத்து நொடி மென்மையாக முகர்ந்து, மனத்தை அதன்மீதே நிறுத்துவது போதும். முகர்வு திடீரென மறைந்தால் முதலில் மருத்துவரை நாடுவதே முறை.

மணத்திற்குப் பெயரிடும் மக்கள்

மனத்தை மணத்தின்மீது நிறுத்துவது எவ்வாறு? இங்குதான் மொழி நுழைகிறது. தீபகற்ப மலேசியாவின் வடபகுதிக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களின் மொழியில், மணத்தின் தன்மையை மட்டும் சுட்டும் சொற்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு உள்ளன. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் ஆகியவற்றில் பொதுவாக உள்ள நெடிக்கு ஒரு சொல். புலியை ஈர்க்கும் குருதி வாடைக்கு வேறொரு சொல். ஆசிஃபா மஜீத், நிக்லாஸ் பூரென்ஹுல்ட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஜஹாய் மக்கள் நிறங்களுக்குப் பெயரிடுவதைப் போன்றே மணங்களுக்கும் எளிதாகப் பெயரிட்டனர்; ஆங்கிலம் பேசுவோரோ தடுமாறினர்.

2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. செமாக் பெரி, செமலாய் ஆகிய இரண்டும் தீபகற்ப மலேசியாவின் உறவுமொழிகள். வேட்டையாடி உணவு திரட்டும் செமாக் பெரியினர் மணங்களை எளிதிற் பெயரிட்டனர். பயிர்செய்து வாழும் செமலாய் மக்களால் அவ்வாறு இயலவில்லை. உறவுமொழியாக இருப்பது மட்டும் போதாது. அன்றாட வாழ்வில் மூக்கிற்கு வேலையிருந்தால்தான் மணச்சொற்கள் நிலைக்கின்றன.

நம் மொழியின் நிலை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகைப்படுத்துமிடத்து, மூக்கறிவைக் கண்ணறிவுக்கும் செவியறிவுக்கும் முன்னே வைக்கிறது. திருக்குறள் நாற்றம் என்னும் சொல்லை ஐம்புலன்களுள் ஒன்றன் பெயராகவே ஆள்கிறது. அங்கு அது பழிப்புப் பொருள் தருவதன்று. பிற்காலத்தில் அச்சொல் தீநாற்றத்தை மட்டும் சுட்டும் அளவுக்கு இழிந்தது. வாடை என்பதும் அவ்வழியிலேயே செல்கிறது.

எனினும், சமையலறைத் தமிழில் நுண்ணிய சொற்கள் இன்னும் உயிரோடு உள்ளன. கவிச்சி என்பது மீனுக்கும் முட்டைக்கும் கழுவாத பாத்திரத்துக்கும் பொது. காறல் பழைய எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் உரியது. ஊசல் கெட்டுப்போன சோற்றையும் குழம்பையும் குறிப்பது. முடை அழுகிய ஊனுக்கு உரியது. இவை ஒரு பொருளின் பெயரைக் கடன்வாங்காமல் மணத்தின் தன்மையையே சுட்டுகின்றன. ஜஹாய்ச் சொற்களின் இயல்பும் இதுவே. இவ்வேறுபாட்டால் பயனும் உண்டு. கவிச்சியடிக்கும் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கினால் போதும். ஊசிய குழம்பையோ கொட்டத்தான் வேண்டும். இளையோர் இரண்டையும் ‘கெட்ட வாடை’ என ஒரே சொல்லால் முடித்துவிடும்போது, சொல்லோடு அச்சொல் தரும் எச்சரிக்கையும் மறைகிறது.

செய்யத்தக்கது

எனவே, நான்கு மணங்களின் பயிற்சியோடு பெயரிடும் பழக்கத்தையும் இணைத்துக்கொள்ளலாம். முகர்ந்தபின் அம்மணம் இனிதா, காரமா, குளிர்ச்சியா, எதனோடு ஒக்கும் என்று ஓரிரு சொற்களில் குறிப்பேட்டில் எழுதுக. பின்னர்க் கறிவேப்பிலை, பாண்டான் இலை, இஞ்சி, பெருங்காயம் எனச் சமையலறைப் பொருள்களுக்கு விரிவுபடுத்துக. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து, பொருளைக் கண்டறிய முயல்க. பேரப்பிள்ளைகளையும் உடன் அமர்த்துக. முதியவரின் மூக்கிற்கு அது பயிற்சி, இளையவர்க்கோ சொற்செல்வம். பெயரறிந்த மணத்தை மீண்டும் அடையாளம் காண்பது எளிது. அன்றாடம் வழங்கும் சொல் அழிவதுமில்லை.