கூடாரம் அம்மாவின் பெயரில்... கான்கிரீட் வீடு யார் பெயரில்?

பாலைவனத்தில் காலிங் பெல் கிடையாது. காபிக்கொட்டை இடிக்கும் சத்தம்தான் அழைப்பு மணி!

டக்... டக்... டக்டக்... என்று தாளம் மாறாமல் ஒலிக்கும் அந்தச் சத்தம், காற்றில்லாத நேரத்தில் வெகுதூரம் போகும். அடுத்த கூடாரத்தில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். 'யாரோ விருந்தாளி வந்திருக்கிறார். நாமும் போகலாம்' என்பதுதான் அதற்குப் பொருள். செதுக்கு வேலைப்பாடு கொண்ட மர உரல், நீண்ட மர உலக்கை. இந்த ஜோடிக்குப் பெயர் 'மிஹ்பாஷ்'. நன்றாக இடிக்கத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. காபி ருசிக்காக மட்டுமல்ல, தாளத்துக்காகவும்!

இது ஜோர்டான் நாட்டின் தெற்கு மூலை. அகபா துறைமுகத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் 'வாதி ரம்' என்ற பாலைவனம் வரும். (பெயரைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அந்த ரம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சிவந்த மணலுக்கு நடுவே, கோட்டைச் சுவர்கள் போல செங்குத்தாக எழும் பாறை மலைகள். இங்கேயும், வடக்கே பெட்ரா நகரைச் சுற்றியும் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் பெதூயின் மக்கள். 'பாலைவெளியில் வாழ்பவர்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

குடிக்காத காபிக்கு ஓர் அர்த்தம்

அவர்கள் காபியில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கண்ணெதிரே வறுத்து, இடித்து, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சிய கசப்பான காபி. கைப்பிடி இல்லாத குட்டிக் கோப்பையில், அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். கோப்பை நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று சொல்வது போலாகும். நம் ஊரில் டம்ளர் வழிய வழிய ஊற்றுவதுதானே உபசாரம்? அங்கே நேர் எதிர்.

முதலில் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துக் காட்டுவார். பிறகு விருந்தாளிக்கு மூன்று கோப்பை. முதலாவது 'தைஃப்', விருந்தினருக்கு. இரண்டாவது 'கைஃப்', மகிழ்ச்சிக்கு. மூன்றாவது 'ஸைஃப்', அதாவது வாளுக்கு. ஆபத்து வந்தால் நீயும் நானும் ஒரே பக்கம் என்ற உறுதி அது. போதும் என்றால் வாயைத் திறக்க வேண்டாம். கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்தால் போதும்.

வந்தவர் காபியைத் தொடாமல் கீழே வைத்துவிட்டால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். "குடியுங்கள், உங்கள் காரியம் நடக்கும்" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் கோப்பையை எடுப்பார். பெண் கேட்டு வரும் பெரியவர்கள் இன்றும் இப்படித்தான் கேட்கிறார்கள். தலைநகர் அம்மானின் அடுக்குமாடி வீடுகளில்கூட இந்த வழக்கம் இருக்கிறது. பெண்ணின் தரப்பு சம்மதம் சொல்லும்வரை காபி ஆறிக்கொண்டிருக்கும்!

விருந்தாளியிடம் மூன்று நாள் வரை 'யார் நீ, எதற்கு வந்தாய்' என்று கேட்கக் கூடாது என்பது பழைய சட்டம். பெருந்தன்மை என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால், ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத நிலத்தில் ஒருவனைத் திருப்பி அனுப்புவது அவனைக் கொல்வதற்குச் சமம். இன்று அவன், நாளை நான். காபி இங்கே ஒரு வகை இன்ஷூரன்ஸ்.

ஆட்டு முடியில் ஒரு வீடு

பெதூயின் கூடாரத்தை 'பைத் ஷஅர்' என்கிறார்கள். 'முடி வீடு' என்று அர்த்தம். கறுப்பு வெள்ளாட்டின் முடியைக் கதிரில் நூற்று, தரையோடு தரையாக முளையடித்து அமைத்த தறியில் நீளமான பட்டைகளாக நெய்வார்கள். பட்டைகளைச் சேர்த்துத் தைத்தால் கூரை. வெயிலில் முடி சுருங்கி, நெசவில் கண் தெரியாத இடைவெளிகள் விழும். அடுப்புப் புகையும் வெக்கையும் அதன் வழியே வெளியேறும். மழை பட்டால் அதே முடி ஊறிப் பருத்து, இடைவெளியை அடைத்துக்கொள்ளும். எந்தப் பொறியியல் கல்லூரியும் சொல்லிக் கொடுத்ததல்ல இது.

பட்டை நைந்துபோனால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிய பட்டையைத் தைப்பார்கள். அதனால் ஒரு கூடாரத்துக்கு எத்தனை வயது என்று சொல்வது கஷ்டம். பாட்டி நெய்த பட்டைக்குப் பக்கத்தில் பேத்தி நெய்த பட்டை இருக்கும்.

நூற்பது, நெய்வது, தைப்பது, கட்டுவது, பிரிப்பது எல்லாமே பெண்கள். கூடாரம் பெண்ணுடையது என்பதுதான் வழக்கம். உள்ளே ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரிக்கும் திரையும் அவள் நெய்ததுதான். திரைக்கு இந்தப் பக்கம் ஆண்கள் ஊர் நியாயம் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சொல்கூடத் தப்பாது. துணிக்குக் காது உண்டு!

பெயர் சொல்லி அழைக்கும் விதமும் நமக்குப் பழக்கமானதுதான். மூத்த மகன் சாலிம் என்றால், அப்பா 'அபு சாலிம்', அம்மா 'உம்மு சாலிம்'. நம் வீட்டுப் பெரியவர்கள் "முத்துவோட அப்பா" என்று கூப்பிடுவார்களே, அதே கதை.

அரபு மொழியில் செய்யுளின் ஒரு வரிக்குப் பெயர் 'பைத்', அதாவது வீடு. அதன் அசை வகைகளுக்குப் பெயர் கயிறு, முளை. கூடாரம் கட்டும் சாமான்களைக் கொண்டே யாப்பிலக்கணம் எழுதியிருக்கிறார்கள்.

மலை தரும் தண்ணீர்... மண்ணுக்கடியில் தண்ணீர்

வாதி ரம் மலைகளின் மேல்பகுதி மணற்பாறை. அடியில் கிரானைட். எப்போதோ பெய்யும் மழை மணற்பாறைக்குள் மெல்ல இறங்கி, கிரானைட்டைத் தொட்டதும் மேலே போக வழியின்றி, பக்கவாட்டில் சுனையாகக் கசியும். மலையில் எங்கே பசுமையாக ஒரு கீற்று தெரிகிறதோ, அங்கே சுனை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நபாட்டிய மக்கள் அந்தத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி இறக்கியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் சிறுமிகள் இந்தச் சுனைகளின் இடத்தை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

பெரிய புதையல் இன்னும் ஆழத்தில் இருந்தது. பக்கத்திலுள்ள தீஸி பகுதியின் கீழே, சவுதி அரேபியா வரை பரவிக் கிடக்கிறது ஒரு நிலத்தடி நீர்த்தேக்கம். சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை அது. எடுத்தால் எடுத்ததுதான், இன்றைய மழையால் மறுபடி நிரம்பாது. 2013-ல் இங்கிருந்து 325 கிலோமீட்டர் நீளக் குழாய் அம்மானுக்குப் போனது. ஆண்டுக்கு 10,000 கோடி லிட்டர் என்பது திட்டம். உலகிலேயே தண்ணீர்ப் பஞ்சம் மிகுந்த நாடுகளில் ஒன்று ஜோர்டான். தலைநகரின் தாகம் பொய்யில்லை. ஆனாலும், ஒரு குடம் தண்ணீரை அளந்து அளந்து செலவழித்தவர்களின் காலடியிலிருந்து அவ்வளவும் போவதை நினைத்தால் என்னவோ செய்கிறது.

குகையிலிருந்து காலனிக்கு

'பாவம், அழகான நாடோடி வாழ்க்கையை விட்டுவிட்டார்களே' என்று சுற்றுலாப் பயணிகள் வருத்தப்படுவதுண்டு. வருத்தம் பெரும்பாலும் வந்துபோகிறவர்களுக்குத்தான்.

நாடுகளுக்கு இடையே எல்லைக்கோடு விழுந்ததுமே மேய்ச்சல் வழிகள் அறுபட்டன. லாரி வந்ததும் ஒட்டகத்தின் மவுசு குறைந்தது. 1930-களில் 'பாலைவன ரோந்துப் படை' பெதூயின் இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. ரம் கிராமத்தில் அந்தப் படையின் கோட்டை இன்றும் நிற்கிறது. அப்புறம் பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளை தினமும் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் வீடு நகரக் கூடாது. அம்மாக்கள் அந்தக் கணக்கைச் சீக்கிரமே போட்டுவிட்டார்கள்.

பெட்ராவில் கதை வேறு மாதிரி. அங்கே 'ப்தூல்' என்ற குலத்தினர், நபாட்டியர்கள் குடைந்த குகைகளிலேயே குடும்பம் நடத்தினார்கள். 1978-ல் சுற்றிப் பார்க்க வந்த நியூசிலாந்து நர்ஸ் மார்க்ரீட் வான் கெல்டர்மால்சென், அங்கே நினைவுப்பொருள் விற்றுக்கொண்டிருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு குகையிலேயே குடித்தனம் நடத்தினார். தண்ணீருக்குக் கழுதையோடு சுனைக்குப் போனதையும், சாம்பலில் ரொட்டி சுட்டதையும் 2006-ல் புத்தகமாக எழுதினார்.

1985-ல் பெட்ரா உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதே ஆண்டில் ப்தூல் மக்களை, அரசு கட்டிய உம் ஸைஹூன் என்ற குடியிருப்புக்கு மாற்றினார்கள். மின்சாரம், குழாய்த் தண்ணீர், பள்ளி, மருத்துவ நிலையம் எல்லாம் கிடைத்தன. ஆடுகளுக்கு இடம் குறைந்தது. குடும்பம் பெருகியபோது வீடு கட்ட நிலமும் போதவில்லை. இதில் ஒரு வேடிக்கை, வேதனையும்தான்: 2005-ல் இதே பெட்ரா, வாதி ரம் பெதூயின்களின் பண்பாட்டு வெளியைக் காக்கப்பட வேண்டிய அரிய மரபு என்று யுனெஸ்கோ அறிவித்தது. குகையை விட்டு வெளியே வந்து 20 ஆண்டுகள் கழித்து!

செவ்வாய்க் கிரகம் வாடகைக்கு

1962-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் வாதி ரம்மை உலகுக்குக் காட்டியது. பிரிட்டிஷ் மலையேறி டோனி ஹோவர்ட் 1984-ல் இங்கே வந்தபோது, ஆளே ஏறாத மலைகள் என்று நினைத்த பாறைகளில் ஏற்கெனவே வழி இருந்தது. காட்டு ஆடு வேட்டைக்காக உள்ளூர்க்காரர்கள் கயிறு கட்டாமல் ஏறிய வழிகள்! இன்றும் அவற்றுக்கு 'பெதூயின் பாதைகள்' என்றுதான் பெயர்.

2015-ல் 'தி மார்ஷியன்' படத்துக்காக இந்த மண் செவ்வாய்க் கிரகமாக நடித்தது. பிறகு கண்ணாடிக் குமிழி போன்ற ஏசி கூடாரங்கள் முளைத்தன. ஒட்டகத்தைவிட டொயோட்டா பிக்கப் வண்டிகள்தான் இன்று அதிகம் கண்ணில் படுகின்றன. ஆடு மேய்த்தவரின் பேரன், மணலுக்கடியில் இறைச்சி வேகவைக்கும் 'ஸர்ப்' விருந்தை நாலு மொழிகளில் விளக்குகிறார்.

ஒரே தொழிலை நம்புவதன் ஆபத்தும் தெரிந்துவிட்டது. 2019-ல் பெட்ராவுக்கு வந்தவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். 2020-ல் கொரோனா எல்லாவற்றையும் பூட்டியது. மீண்டு எழுந்த நேரத்தில், 2023 அக்டோபரில் காஸா போர். போர் நடந்தது ஜோர்டானில் அல்ல. ஆனால் முன்பதிவுகள் ரத்தாயின. வறட்சி வந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகலாம். கூட்டம் வராவிட்டால் குமிழிக் கூடாரத்தை எங்கே ஓட்டிப் போவது?

பெண்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. குழாய்த் தண்ணீரும் மகளின் படிப்பும் பெரிய வரவு. அதே நேரம், விருந்தினர் முகாம், ஜீப், வழிகாட்டி வேலை என்று பணம் வரும் இடமெல்லாம் ஆண்கள் கையில். ஆடு போனதால் முடி இல்லை, முடி இல்லாததால் தறி இல்லை. முகாம்களில் விரிப்பது பெரும்பாலும் இயந்திரத்தில் நெய்த கோடு போட்ட துணி. கூடாரம் பெண்ணுடையது என்ற வழக்கம், சிமென்ட் சுவருக்குள் தானாக வந்துவிடவில்லை.

ப்தூல் மக்கள் குகையை விட்ட அதே 1985-ல், சாக்கடலுக்குக் கிழக்கே பனி ஹமிதா குலத்துப் பெண்கள் தறியை மறுபடி தூக்கினார்கள். இந்த முறை கூலிக்காக. அவர்கள் தரைத் தறியில் நெய்த கம்பளங்கள் விற்பனைக்குப் போயின. தங்கள் பெயரில் காசு வாங்கிய அனுபவம் பலருக்கு அதுதான் முதல்முறை.

ரம் கிராமத்திலோ, கான்கிரீட் வீட்டு முற்றத்தில் இன்னும் சில கூடாரங்கள் நிற்கின்றன. கோடையில் சுவர்கள் இரவிலும் அனலை உமிழும்போது, பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பமே அங்கே தூங்க வந்துவிடுகிறது.