மீன் கரைக்கு வரும் காலம்

கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணை. கல்படை, பொட்டியம் முதலான ஓடைகள் மலைமேல் பெய்த மழையை இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. அணையின் முழு நீர்மட்டம் 46 அடி. கோடை முழுக்க ஆழத்தில் கிடக்கும் மீன், ஓடையில் புதுத் தண்ணீர் இறங்கிய மறுநாளே முழங்காலளவு நீருக்கு வந்துவிடும். முதுகு வெளியே தெரியத் துள்ளித் துள்ளி எதிர்த்து ஏறும். கொக்குக்கும் மனிதனுக்கும் எட்டும் இடத்துக்கு, அத்தனை ஆபத்தையும் மீறி, அது ஏன் வருகிறது?

விடை தேட முதலில் ஒரு குளிர்நாட்டு ஏரிக்குப் போய்வருவது நல்லது. வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 1966ஆம் ஆண்டு, பசிபிக் கரையைச் சேர்ந்த கோஹோ சால்மன் குஞ்சுகளை மிச்சிகன் மாநில மீன்துறை விட்டது. அவை செழித்தன. கோடையில் அந்த மீன் ஆழத்தில் இருக்கும். வசந்தத்தில் மட்டும் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் திரியும். அங்குள்ளவர்கள் படகை மனிதன் நடக்கும் வேகத்தில் ஓட்டி, தூண்டிலைப் பின்னால் இழுத்தபடியே போய் அதைப் பிடிக்கிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் படகின் நிழலுக்கே மீன் மிரளும். அதனால் சிறு மிதவைப் பலகைகளைக் கட்டி, தூண்டில் கயிறுகளைப் படகின் இருபுறமும் தூரத்துக்கு விலக்கி விடுகிறார்கள்.

சால்மன் அப்போது கரைக்கு வரக் காரணம் தண்ணீரின் ஒரு விசித்திர குணம். தண்ணீர் குளிரக் குளிரக் கனத்துக்கொண்டே போவதில்லை. 4 டிகிரி செல்சியஸில்தான் அது மிக அதிக அடர்த்தியோடு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் மறுபடி லேசாகிறது. பனி உருகிய ஏரியின் நடுப்பகுதி 2, 3 டிகிரியில் கிடக்கும்போது, ஆழமில்லாத கரையோரம் வெயில் பட்டு 6, 7 டிகிரிக்கு ஏறிவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலக்கும் நீர் 4 டிகிரிக்கு வருகிறது. இருபக்கத்து நீரையும்விட அதுதான் கனமானது. எனவே அங்கேயே கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் தண்ணீராலேயே ஏரிக்குள் ஒரு சுவர் எழுகிறது! சுவிட்சர்லாந்து அறிஞர் ஃபோரல் ஜெனீவா ஏரியில் இதைக் கண்டு 1880இல் எழுதினார். அந்தச் சுவருக்குக் கரைப்பக்கம் இதமான நீர் தேங்குகிறது. அதைத் தேடிச் சிறுமீன்கள் வருகின்றன, அவற்றைத் தின்னச் சால்மன் வருகிறது. சில வாரங்களில் ஏரி முழுதும் சூடேறியதும் சுவர் கரைந்துவிடும், சால்மன் மறுபடி ஆழத்துக்குப் போய்விடும்.

சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீன் நம் மாநிலத்திலும் உண்டு, ஆனால் நீலகிரியின் குளிரில்தான். 1907 முதல் அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகம் இருக்கிறது. கல்வராயன் அடிவாரத்து வெயிலை அது தாங்காது.

இனி கோமுகிக்குத் திரும்பலாம். இங்கே தண்ணீர் 4 டிகிரி பக்கமே போவதில்லை. கோடையில் மேல்நீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் தண்ணீரின் கணக்கே வேறு. 4 டிகிரியிலிருந்து 5க்கு ஏறும்போது அடர்த்தி மாறுவது மிகச் சொற்பம். 29இலிருந்து 30க்கு ஏறும்போது அதைப்போல 30 மடங்குக்கு மேல் மாறுகிறது. எனவே நம் ஏரிகளில் ஓரிரு டிகிரி வித்தியாசமே போதும். சூடான மேல்நீரும் சற்றே குளிர்ந்த அடிநீரும் எண்ணெயும் தண்ணீரும்போலத் தனித்தனி அடுக்காக நின்றுவிடும். அடியில் மக்கும் இலையும் தழையும் அங்குள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. போதாக்குறைக்கு, வெந்நீரில் காற்று அதிகம் கரைவதுமில்லை. 4 டிகிரி நீர் ஒரு லிட்டருக்கு 13 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், 30 டிகிரி நீர் தாங்குவது ஏழரை மில்லிகிராம்தான். மேலே சூடு, கீழே மூச்சுமுட்டல். கோடை மீன் இரண்டுக்கும் நடுவே காலம் தள்ளுகிறது. விரால், குரவை போன்றவை மட்டும் மேலே வந்து நேரடியாகக் காற்றைக் குடித்துச் சமாளிக்கும்.

இந்த நிலையில்தான் மலையில் மழை இறங்குகிறது. ஓடைநீர் பாறைகளில் மோதி மோதிக் காற்றைக் கலந்துகொண்டு வருகிறது. ஏரிநீரைவிடக் குளிர்ச்சியானது, உப்புகள் குறைந்தது. குளிர்ச்சியால் கனமாக இருப்பதால் மேல்நீருக்கு அடியில் புகுந்து அடுக்குகளைக் குலைக்கிறது. ஓட்டமும் குளிர்ச்சியும் சேர்ந்து மீனின் மூளைக்குச் செய்தி சொல்கின்றன. அங்குள்ள பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனைச் சுரக்கிறது, வயிற்றில் காத்துக் கிடந்த சினை பழுக்கிறது. கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகளுக்கு இந்தச் செய்தி கிடைக்காவிட்டால் முட்டை வெளியே வராமல் உடலுக்குள்ளேயே கரைந்து போகும். இதைப் புரிந்துகொண்டுதான் மீனியல் அறிஞர்களான ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும், வேறு மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு, 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார்கள். நம் அணைகளில் விடப்படும் கட்லா, ரோகு குஞ்சுகள் எல்லாம் அந்த வழியில் பிறந்தவையே. இந்திய விவசாயத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஊசிக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஊசி தேவைப்படாத நாட்டுமீன்கள் கெண்டை, கெளுத்தி, விரால். புதிதாக மூழ்கிய புல்லில் கெண்டையின் முட்டை ஒட்டிக்கொள்ளும். ஆழமில்லாத இடத்துக்குப் பெரிய மீன் வந்து தின்னாது. ஆக்சிஜன் நிறைந்திருக்கும், குஞ்சுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் சில நாளில் பெருகிவிடும். சால்மன் முட்டை குளிர்நீரில் பொரிக்க மாதக்கணக்காகும். நம் கெண்டை இனங்களின் முட்டையோ இந்தச் சூட்டில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும்.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மிச்சிகனில் வசந்தத்தில் கரைக்கு வரும் சால்மன் இரை தேடி வருகிறது, அது முட்டையிடுவது இலையுதிர் காலத்தில். நம் மீன் கரைக்கு வருவது அடுத்த தலைமுறைக்காக. அந்த நேரத்தில் ஓடையின் குறுக்கே பறி வைப்பதும், கலிங்கில் கொசுவலை கட்டுவதும், வரப்போகும் ஆண்டின் மீனையும் சேர்த்தே அள்ளுவதாகும். கேரளத்தில் புதுவெள்ளத்தில் ஏறும் மீனைப் பிடிப்பதற்குத் தடை இருக்கிறது. சட்டம் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வெள்ளம் வந்த சில நாட்கள் ஓடை வாய்களை விட்டுவிடுங்கள். செந்நிறக் குஞ்சுக்கூட்டத்துக்குக் காவலாகச் சுற்றும் விராலைப் பிடிக்காதீர்கள். தண்ணீர் தெளிந்த பிறகு, தை மாதத்தில் வலையை வீசுங்கள்.