பிறந்த வருடத்து பாட்டிலை வாங்கும் முன்

பிரான்ஸில் ஒருவருக்கு ஐம்பது வயது நிறைந்தால், அவர் பிறந்த ஆண்டில் அறுவடையான திராட்சையின் ஒயினைத் தேடிப் பிடித்துப் பரிசளிப்பது பழைய வழக்கம். திருமண வெள்ளி விழாவுக்கும் அப்படித்தான். பாரிஸில் வாழும் தமிழர்களுக்கும், நெடுநாள் கூட வேலை பார்த்த நண்பருக்காகவோ பிரெஞ்சுக்காரச் சம்பந்திக்காகவோ இப்படி ஒரு பாட்டில் வாங்கும் வேளை வருகிறது. அழகான வழக்கம். ஆனால் இந்தச் சந்தையில் எளிதாக ஏமாறுகிறவரும் இப்படி வாங்குபவர்தான். அவருக்கு 1975தான் வேண்டும். 1978 எவ்வளவு நன்றாக இருந்தாலும் உதவாது. விழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. கையில் பணம் இருக்கிறது, அவகாசம் இல்லை. விற்பவர் சொல்வதை நம்பிவிடத் தோன்றும்.

பழைய ஒயினில் நீங்கள் பணம் கொடுப்பது பாட்டிலின் வயதுக்கு மட்டும் அல்ல, அது இத்தனை ஆண்டுகள் எங்கே, யாரிடம், எப்படி இருந்தது என்பதற்கும்தான். அதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் எவ்வளவு பெரிய பெயர் லேபிளில் இருந்தாலும் வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் கற்பனை பயம் அல்ல. 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த ஓர் ஏலத்துக்கு, பர்கண்டியில் ஒயின் தயாரிக்கும் லோரான் பொன்சோ நேரிலேயே போய் உட்கார்ந்தார். அவருடைய குடும்பத் தோட்டத்தின் பெயரில் ‘க்ளோ சேன் தெனி’ ஒயின்கள் ஏலப் பட்டியலில் இருந்தன. 1945 முதல் 1971 வரையிலான அறுவடைகள் என்று போட்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1982ல்தான். பாட்டில்கள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. அவற்றைக் கொண்டுவந்தவர் ரூடி குர்னியவான், அமெரிக்கப் பணக்காரர்கள் பலர் நம்பிய சேகரிப்பாளர். 2012 மார்ச்சில் எஃப்.பி.ஐ. அவரைக் கைது செய்தபோது, கலிஃபோர்னியா வீட்டில் ஆயிரக்கணக்கான போலி லேபிள்களும் பழைய கார்க்குகளும் முத்திரைகளும் கிடைத்தன. புதிய ஒயினையும் விலை குறைந்த பழைய ஒயினையும் கலந்து, காலி பாட்டில்களில் நிரப்பி விற்றிருக்கிறார். 2014ல் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறை. சொந்தத் தோட்டத்தின் வரலாறு தெரிந்த ஒருவர் தலையிடாமல் போயிருந்தால் அன்றைக்கு அவை விற்றுப்போயிருக்கும்.

அந்த வகைச் சரிபார்ப்பை ஓரளவு நாமே செய்யலாம். சில ஆண்டுகளில் சில ஒயின்கள் தயாரிக்கப்படவே இல்லை. ‘ஷாத்தோ டிக்கெம்’ 1992லும் 2012லும் அறுவடை தரமில்லை என்று ஒயினே வெளியிடவில்லை. பெத்ரூஸுக்கு 1991 கிடையாது. ரொமானே-கோந்தியில் 1945 அறுவடையோடு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள்; அதற்கு அடுத்த அறுவடை 1952. இடைப்பட்ட ஆண்டு போட்ட பாட்டில் எவ்வளவு தூசியோடு வந்தாலும் அது போலி. 1950களுக்கு முந்தைய லேபிள் என்கிறார்களா? புற ஊதா விளக்கில் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காகிதத்தை வெள்ளையாக்கும் ஒளிர்பொருட்கள் அதற்குப் பிறகு வந்தவை. பழைய காகிதம் நீலமாகப் பளிச்சிடாது. லேபிளில் ‘பழைய கொடிகளிலிருந்து’ என்று போட்டிருப்பதையும் தர உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொடிக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டம் எதையும் வரையறுக்கவில்லை.

உலகப் புகழ்பெற்ற பெயர்களுக்குத்தான் போலி அதிகம். நம்மைப் போன்ற சாதாரண வாங்குபவருக்குப் பெரிய ஆபத்து வேறு: பாட்டில் அசல், ஒயின் செத்துப்போனது. சூடான சமையலறை அலமாரியில் சில கோடைகள் இருந்த ஒயின் வாடிவிடும். சுமார் 12 டிகிரி குளிரும் ஈரப்பதமும் இருட்டும் உள்ள நிலவறையில், படுக்க வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து இதைக் காட்டிக்கொடுப்பது ஒயினின் மட்டம். ஐம்பது வயதுப் போர்தோ பாட்டிலில் ஒயின் தோளின் மேற்பகுதிவரை இறங்கியிருப்பது இயல்பு. தோளின் நடுவுக்கு வந்துவிட்டால் ஆபத்து. அதற்கும் கீழே என்றால் வேண்டாம். மாறாக, அறுபது வயது பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தால், கார்க் எப்போது, எங்கே மாற்றப்பட்டது என்று கேளுங்கள். கார்க்கின் மேல் ஒயின் கசிந்த தடம் இருக்கிறதா என்பதையும் புகைப்படத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்; மூடி உறை ஒட்டிக்கொள்ளாமல் சுற்றுகிறதா என்றும் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்கெல்லாம் சலித்துக்கொள்ள மாட்டார்.

எந்தச் சேமிப்பும் காப்பாற்ற முடியாத குறை ஒன்றும் உண்டு. கார்க்கில் உருவாகும் டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே ஒயினை நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்க வைக்கும். திறந்தால்தான் தெரியும். ஆகவே விருந்துக்கு ஒரே ஒரு பாட்டிலை நம்பாதீர்கள்.

பிறந்த ஆண்டே மோசமான ஆண்டாக இருந்தால்? போர்தோவில் 1968ம் 1972ம் மழையும் குளிரும் கெடுத்த அறுவடைகள். அந்த ஆண்டின் பெரிய பெயருக்கு ஐந்நூறு யூரோ கொடுப்பதைவிட, தெற்கே ஸ்பெயின் எல்லைப் பக்கம் தயாராகும் ரிவ்சால்ட், மோரி, பன்யுல்ஸ் இனிப்பு ஒயின்களைப் பாருங்கள். அவை நீண்ட காலம் தாங்கும். பழைய ஆண்டுகள் இன்னும் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. எனக்கு யாரும் யோசனை கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி உரிமைகள். யாரிடம், எந்த வழியில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து இவை மாறுகின்றன. இணையத்தில் ஒரு கடையிடம் வாங்கினால், பெட்டி வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம்; பாட்டில் திறக்கப்பட்டிருக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்காக, இன்னும் பீப்பாயில் இருக்கும் ஒயினுக்கு முன்பணம் கட்டும் முறையில் இந்த 14 நாள் இல்லை: 30 நாளுக்கு மேல் தள்ளி ஒப்படைக்கப்பட்டு, சந்தையோடு விலை ஏறி இறங்கும் மதுவைச் சட்டமே விலக்கியிருக்கிறது. ஆட்கள் நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்திலும் இல்லை.

கடையோ நிறுவனமோ விற்றால், பொருள் சொன்னபடி இருக்க வேண்டும் என்ற சட்டப்பூர்வ உத்தரவாதம் இரண்டு ஆண்டுகளுக்கு உண்டு. தனிநபர் விற்றால் இது கிடையாது. மறைந்திருக்கும் குறைகளுக்கான குடிமைச் சட்ட விதி தனிநபருக்கும் பொருந்தும். குறையைக் கண்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் தனிநபர் அந்தப் பொறுப்பைத் தான் ஏற்பதில்லை என்று முன்பே எழுதிக்கொள்ள முடியும். குறையைத் தெரிந்தே மறைத்தவருக்கு மட்டும் அந்த எழுத்து உதவாது. பாட்டிலே போலி என்றால், பிழையான எண்ணத்தில் செய்த ஒப்பந்தம் என்று விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். உண்மை தெரிந்ததிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம். ஏல நிறுவனத்தின் பொறுப்பைக் கேட்பதற்கு, ஏலம் முடிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு. இந்தக் கடைசிக் கணக்கை மறக்காதீர்கள். பத்து வருடம் கழித்துத் திறக்கலாம் என்று வைத்த பாட்டிலில் அது எப்போதோ தாண்டிப் போயிருக்கும். எனவே ஏலத்தில் எடுத்ததை அந்த வாரமே பரிசோதியுங்கள்.

தவறு நடந்துவிட்டால் ஒயினைக் கொட்டிவிடாதீர்கள். மிச்ச ஒயின், பாட்டில், கார்க், உறை எல்லாம் சாட்சி. புகைப்படம் எடுத்து, ரசீது நகலோடு விற்றவருக்கு ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மத்தியஸ்தரை அணுகுங்கள்: ஒவ்வொரு வணிகரும் நுகர்வோருக்கு இலவச மத்தியஸ்தர் ஒருவரை ஏற்படுத்தியிருக்க வேண்டும். அவர் பெயர் விற்பனை நிபந்தனைகளில் இருக்கும். அரசின் ‘சிக்னல் கோன்சோ’ தளத்தில் புகாரும் பதியலாம். தனிநபரோடு தகராறு என்றால் நீதிமன்ற சமரசர் இலவசமாகக் கேட்பார். 5,000 யூரோவுக்கு உட்பட்ட வழக்கில் முதலில் இப்படி ஒரு சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும். 10,000 யூரோ வரை வக்கீல் கட்டாயம் இல்லை. விற்றவர் வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால் ஐரோப்பிய நுகர்வோர் மையம் உதவுகிறது. பிரெஞ்சு எழுத வராது என்று கூச்சப்பட்டு பணத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளையோ சங்கத்தாரையோ எழுதச் சொல்லுங்கள்.

விருந்தன்று அளவும் முக்கியம். ஒயின் பழையது என்பதால் அதிலுள்ள மது குறைந்துவிடுவதில்லை. ஒரு நாளில் இரண்டு குவளைக்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டாம் என்பது பிரெஞ்சுப் பொதுச் சுகாதார அமைப்பின் அறிவுரை. கர்ப்பிணிகளுக்கு ஒரு துளியும் கூடாது.

விருந்து முடிந்ததும், பெயர்பெற்ற தோட்டத்தின் காலி பாட்டிலை இணையத்தில் விற்காதீர்கள். அதற்கு நல்ல விலை கொடுப்பவர்களில் போலி நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நினைவாக வைத்துக்கொள்வதானால் லேபிளின் குறுக்கே அழியாத மையில் தேதியை எழுதி வையுங்கள். வேண்டாமென்றால் லேபிளைக் கிழித்துவிட்டுக் கண்ணாடித் தொட்டியில் போடுங்கள்.