பால் இறக்கும் ஊசி மருந்து

"மாட்டுக்கு ஊசி போட்டுக் கறந்த பாலா இது?" என்று கடைக்கு வரும் தாய்மார்கள் கேட்கிறார்கள். அருவங்காட்டில் பாலும் காய்கறியும், சில கடைகளில் மாட்டுத் தீவனமும் விற்கும் நம் உறுப்பினர்கள் இதற்குப் பதில் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்த மருந்தின் பெயர் ஆக்ஸிடோசின். உடலில் இயற்கையாக ஊறும் ஹார்மோன் இது. பிரசவத்தின்போது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், பிறகு பாலை இறக்கும். இதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிரசவ வலி வராத கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் இதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். குழந்தை பிறந்தவுடன் 10 யூனிட் ஊசியாகப் போடுவது இதைவிட முக்கியம். உதிரப்போக்கு நிற்காமல் தாய் இறந்துபோவதைத் தடுப்பது இந்த மருந்துதான்.

மாட்டு விஷயத்துக்கு வருவோம். கன்று முட்டிக் குடிக்கும்போது பசுவின் மூளையிலிருந்து இந்த ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மடிக்கு வரும், பால் இறங்கும். கன்று செத்துவிட்டால் தோலில் வைக்கோல் அடைத்துக் காட்டிக் கறப்பது பழைய வழக்கம். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஊசியைப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி புதிதாகப் பாலை உண்டாக்குவதில்லை, மடியில் இருப்பதைத்தான் இறக்குகிறது. குடோன் கதவை அகலத் திறந்தால் சரக்கு கூடிவிடுமா? தினமும் போட்டுப் பழக்கிய மாடு, பிறகு ஊசி இல்லாமல் பால் விடாது.

குடிக்கிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. இது புரத வகையைச் சேர்ந்தது, வயிற்றில் ஜீரணமாகிவிடும். கஷ்டமெல்லாம் மாட்டுக்குத்தான். சுரைக்காய், பூசணிக்கு ஊசி போட்டுப் பருக்க வைக்கிறார்கள் என்ற பேச்சும் உண்டு. செடிக்கு இதனால் பலன் என்பதற்குத் தகுந்த ஆதாரம் கிடையாது.

மாட்டைக் காப்பாற்றப் போய்த் தாய்மாருக்கே ஆபத்து வரப் பார்த்தது. இந்தத் தவறான உபயோகத்தைத் தடுக்க, 2018-ல் மத்திய அரசு தனியார் கம்பெனிகள் உள்நாட்டு விற்பனைக்கு இதைத் தயாரிக்கத் தடை விதித்து, பெங்களூரில் உள்ள ஒரே ஓர் அரசு நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்தது. ஒரே கடையை நம்பி ஊரே இருந்தால் என்ன ஆகும் என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மேல்முறையீடு சென்றபோது, உச்சநீதிமன்றம் 2019-ல் பெரிய பெஞ்சுக்கு அனுப்பியது.

நமக்கான சட்டத்தில் குழப்பமில்லை. பால் கறக்க மாட்டுக்குக் கெடுதலான ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மருந்து லைசென்ஸ் இல்லாத கடையில் இதை விற்றால், 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு சிறை, ரூ. 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம். தீவனத்தோடு லேபிள் ஒட்டாத பாட்டிலை யாராவது கொண்டுவந்து, "பால் மருந்து, நல்ல கமிஷன்" என்றால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.